பல்லோடு ஒரு வேஷம்

என் கணவன் ஆம்ப்ரோஸ் கெட்டில்வெல்லை இங்கிலாந்தில் தெரியாதவர்கள் குறைவு. பெயரைச் சொன்னால் தெரியாது, முகத்தைக் காட்டினால் தெரியும். முகம் என்றாலும் முழு முகம் இல்லை. மூக்குக்குக் கீழே, பல் இல்லாமல் உள்ளே மடிந்து, பழைய சுருக்குப் பை மாதிரி இருக்கும் அந்த வாய்தான். எச்சில் வழியும் கஞ்சன், வேலைக்காரியின் இடுப்பைக் கிள்ளும் விடுதிக்காரன், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறவன், பிணத்தின் விரலிலிருந்து மோதிரம் உருவுகிறவன் என்று நாடகமோ சினிமாவோ எதில் அருவருப்பான ஆள் ஒருவன் வேண்டியிருந்தாலும் எங்கள் வீட்டு டெலிபோன் அடிக்கும்.

எனக்கு அந்த வாயைப் பார்த்தால் குமட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களைப் பார்த்தால் இன்னும் குமட்டும். ஆம்ப்ரோஸ் என்னவோ எல்லாவற்றையும் சிரித்த முகமாகத்தான் செய்தான். ஆனால் அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது பல் செட்டைக் கழற்றாமல், ஒரு நல்ல மனுஷனாக, மேடையில் முதலிலிருந்து கடைசிவரை நிற்க வேண்டும். அவ்வளவுதான். அது நடந்ததா இல்லையா என்பதுதான் நான் சொல்லப்போவது.

அவன் ஊர் வடக்கே அக்ரிங்டன். அந்தப் பக்கத்து நூல் ஆலை ஊர்களில் அப்போது ஒரு கண்றாவி வழக்கம் இருந்தது. பையனுக்கு இருபத்தொன்று முடிந்தால் மற்ற ஊர்களில் கைக்கடிகாரம் கொடுப்பார்கள். அங்கே பல்லைப் பிடுங்குவார்கள். சொத்தைப் பல்லை இல்லை, நல்ல பல்லைத்தான். வாயில் இருக்கிற அத்தனையையும் ஒரே மதியத்தில் பிடுங்கிவிட்டு, புண் ஆறியதும் பளபளவென்று ஒரு பல் செட்டை மாட்டிவிடுவார்கள். இனி ஆயுசுக்கும் பல் வலி இல்லை, வைத்தியச் செலவு இல்லை. அம்மா கொடுத்த பிறந்தநாள் பரிசு. கல்யாணப் பெண்ணுக்கும் அதே சீர்தான். ஆம்ப்ரோஸ் நல்ல அழகன், தேங்காய்ச் சில்லு மாதிரி பல் வரிசை என்று அவன் அத்தையே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் பிடுங்கிப் போட்டார்கள்.

நான் தெற்கே இருந்து வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அவன் அம்மாவைப் பார்க்கப் போனபோது, வினிகர் ஊற்றிய மாட்டுக் குடலை என் தட்டில் வைத்துவிட்டு அந்த அம்மாள் என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"உனக்கு எப்போ, கண்ணு?"

"எது எப்போங்க?"

"பல்லுதான். கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டா புருஷன் தலையில செலவு விழாது பாரு. உங்க வீட்ல எடுத்துக் குடுக்கலயா? பாவம், கையில இல்லையோ என்னமோ."

"என் பல்லு நல்லாத்தானே இருக்கு."

"இப்போ நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு? என்னையே பாரேன். இந்தக் குடலை நான் ஈறாலயே மெல்லுவேன்."

சொன்னதோடு விடவில்லை. பல் செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மென்றே காட்டினாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். ஆம்ப்ரோஸ் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினான். "அம்மாவுக்கு அன்பு ஜாஸ்தி, ஹெஸ்டர்" என்று பிறகு சொன்னான். அவனுக்கு யார் மேலும் கோபம் வராது. மாட்டேன் என்ற வார்த்தையையும் பல்லோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள் என்று நான் அவனைத் திட்டுவதுண்டு.

நாங்கள் இரண்டு பேரும் அப்போது வாரத்துக்கு ஒரு நாடகம் போடும் கம்பெனியில் இருந்தோம். இந்த வார நாடகத்தை ஆடிக்கொண்டே அடுத்த வார நாடகத்தை நெட்டுருப் போட வேண்டும். அவனுக்குக் காதலன் வேஷம், எனக்கு டீ கொண்டுவரும் வேலைக்காரி வேஷம். ஒரு திங்கட்கிழமை கிழவன் வேஷம் போடுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த வேஷத்துக்கு ஆம்ப்ரோஸைத் தள்ளிவிட்டார்கள். சுருக்கம் வரைய நேரமில்லை. அவன் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டான்.

நான் சூப்போடு நிற்கிறேன். திரும்பிப் பார்க்கிறான். அந்த முகம் இரண்டாக மடிந்து, தாடை மூக்கைத் தொடுகிறது. எனக்கே கரண்டி நழுவியது. கொட்டகை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது, சாக்கடையில் எதையோ பார்த்தவர்கள் போடுகிற சத்தம். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கில் பார்த்தார்கள். அவன் சூப்பை உறிஞ்ச உறிஞ்ச, சத்தம் சிரிப்பாக மாறியது.

இடைவேளையில் மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தம்பி, அதைத் திரும்ப மாட்டிக்காத."

"அடுத்த வாரம் நான்தான் சார் காதலன்."

"காதலனுக்குத் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். இந்த மாதிரி அசிங்கம் லேசுல கிடைக்குமா? கடவுள் குடுத்தது."

கடவுள் கொடுக்கவில்லை, அவன் அம்மா கொடுத்தது. சனிக்கிழமைக்குள் போஸ்டரில் அவன் பெயர் பெரிதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் காதலனாக நடிக்கவே இல்லை.

சினிமா வந்தது. காலையில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் 'குட் மார்னிங்' கிடையாது, "பல்லை எடுத்துருங்க ஆம்ப்ரோஸ்" என்பதுதான் முதல் வார்த்தை. ஒரு படத்தில் ஜெல்லியில் ஊறின விலாங்கு மீனைத் தின்கிற காட்சி. எனக்கும் அதில் கூட்டத்தோடு நிற்கிற வேலை, அதனால் கண்ணால் பார்த்தேன். காலையிலிருந்து திரும்பத் திரும்ப அதே காட்சி. ஒவ்வொரு தடவையும் அதே கையால், அதே கடி, அதே கடைவாய் ஒழுகல். 'கட்' என்றதும் வாளியில் துப்புவான். விளக்குச் சூட்டில் அந்த மீன் நாறத் தொடங்கிவிட்டது. டைரக்டர் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார், "இன்னும் கொஞ்சம் எச்சில் கிடைக்குமா?" ஆம்ப்ரோஸ், "கிடைக்கும் சார்" என்றான். நான் போய்ச் சுவரோரமாக வாந்தி எடுத்தேன். அவனுக்குப் பதிலாக எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தெருவில் இதைவிட மோசம். கறிக்கடைக்காரன், கடை நிறையப் பெண்கள் நிற்கும்போது, "சார், ஒரே ஒரு தடவை. நல்ல துண்டா வெட்டித் தர்றேன்" என்பான். இவனும் கழற்றிக் காட்டுவான். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பஸ்ஸில் ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கி, "பாருங்களேன், அப்படியே உங்களை மாதிரியே இருக்கு" என்றாள். அவன் குழந்தையின் காலைத் தொட்டு, "எனக்கு இவ்வளவு முடி இல்லம்மா" என்றான். எனக்கு அவளைக் குடையால் போட வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அவன் வேறு ஆள். ஆக்டனில் எங்கள் சின்ன வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவி, பல் செட்டை மாட்டி, டை கட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருவான். நான் உருளைக்கிழங்கு தோல் சீவும்போது, யார் யாரோ நடித்த நல்ல வேஷங்களின் வசனங்களை எனக்குச் சொல்லிக் காட்டுவான். நீதிபதி, தகப்பன், ராஜா. அந்தக் குரல் வெண்கலம் மாதிரி இருக்கும். படுக்கும்போது மட்டும் குளியலறைக்குப் போய்க் கழற்றி வைத்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகுதான் வருவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். ஊருக்கெல்லாம் காட்டுகிறதை என்னிடம் மறைத்தான். நானும் பார்த்ததில்லை என்பது போலவே இருந்துவிட்டேன்.

அந்தக் குரல்தான் கடைசியில் வேலை வாங்கிக் கொடுத்தது. வானொலி நாடகம் ஒன்றில் ஒரு பாதிரியார் வேஷம். வானொலியில் வாய் தெரியாதே. அதைக் கேட்டுவிட்டு பெரிக்ரின் என்று ஓர் இளம் டைரக்டர் வந்தான். பெரிய இடத்துப் பையன், கழுத்தில் எந்நேரமும் ஒரு பட்டுத் துண்டு. அவன் கையில் ஒரு புது நாடகம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், சாகக் கிடக்கிற அவர் மனைவி, இரண்டே பேர்தான் முக்கியம். மூன்றாம் அங்கத்தில் அவள் கடல் பார்க்க வேண்டும் என்கிறாள். எழுந்து நிற்கக்கூட முடியாதவளை எங்கே கூட்டிப்போவது? அவர் கட்டிலருகே உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் இருவரும் ரயிலில் போன வழியில் இருக்கிற ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக, பிளாட்பாரத்தில் கூவுகிற மாதிரியே சொல்கிறார். கடைசி ஸ்டேஷன் வந்ததும் அவள், "கடல் வாசம் வருது" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகிறாள்.

"மனைவி வேஷம் ஹெஸ்டருக்குத்தான் டார்லிங்" என்றான் பெரிக்ரின். "நிஜ ஜோடின்னு பேப்பர்காரங்க விழுந்தடிச்சு எழுதுவாங்க." எனக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. வேஷம் பிடித்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஆம்ப்ரோஸ் ஒத்திகைக்காகவே புதுப் பல் செட் செய்துகொண்டான். பழையதில் 'ஸ' சொன்னால் லேசாக விசில் அடிக்கும். இந்தக் காட்சியில் ஸ்டேஷன் பெயர்கள்தான் எல்லாம், ஓர் எழுத்து மழுங்கினாலும் போயிற்று. குளியலறையில், தோட்டத்தில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் ஓயாமல் சொல்லிப் பார்த்தான். ஒத்திகையில் நான் கண்ணை மூடிப் படுத்திருக்க, அவன் "காஸில்டன்... டான்பி... லீலம்..." என்று தொடங்கினால் எனக்குக் கட்டில் நகர்கிற மாதிரி இருக்கும். ஒத்திகை பார்த்த தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் புருஷன் வேலை செய்கிறதைப் பார்க்க எனக்குக் குமட்டவில்லை.

லண்டனுக்கு முன்னால் வெளியூரில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். லீட்ஸில் தொடங்கினோம். போஸ்டரில் அவன் முகம் இருந்தது, வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அவன் உள்ளே வந்ததுமே சிரிப்பு. "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றான், அதற்கும் சிரிப்பு. எப்போது கழற்றுவான் என்று காத்திருக்கிற சிரிப்பு அது. அவன் ஒன்றும் நடக்காதது போல ஆடினான். போகப்போக அது முணுமுணுப்பாக மாறியது. மூன்றாம் நாள், நான் சாகிற நேரத்தில், மேல் மாடியிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"சீக்கிரம் பல்லைக் கழட்டுப்பா, எனக்குக் கடைசி பஸ் போயிரும்."

கொட்டகையே அதிர்ந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், என் கட்டில் குலுங்குகிற அளவுக்குச் சிரிக்கிறார்கள். அவன் மீதி ஸ்டேஷன்களை அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொல்லி முடித்தான்.

அன்று முதலாளி டல்லிஸ் வந்திருந்தார். பணம் போட்டவர். மறுநாள் மதியம் பெரிக்ரினையும் கூட்டிக்கொண்டு ஒப்பனை அறைக்கு வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆம்ப்ரோஸ், நேத்து அந்தச் சிரிப்பைக் கேட்டீங்கல்ல? அதை நாம தூக்கி எறியுறோம்."

"அது தப்பான இடத்துல வந்த சிரிப்பு சார்."

"சிரிப்புல தப்பான இடம்னு ஒண்ணு இருக்கா என்ன? மூணாவது அங்கத்துல மட்டும் கழட்டுங்க. லண்டன்ல ஈஸ்டர் வரைக்கும் ஓடும்."

ஆம்ப்ரோஸ் பெரிக்ரினைப் பார்த்தான். பெரிக்ரின் பட்டுத் துண்டைச் சரிசெய்தபடி தரையைப் பார்த்தான்.

"நானும் ராத்திரி பூரா யோசிச்சேன் டார்லிங்" என்றான். "இதுல ஒரு சத்தியம் இருக்கு. வயசானவங்க ராத்திரி பல்லைக் கழட்டிட்டுத்தானே படுப்பாங்க? சாகப்போற மனைவி பக்கத்துல, எல்லா வேஷத்தையும் கலைச்சிட்டு, வெறும் மனுஷனா... யோசிச்சுப் பாருங்க, கண்ணீர் வந்துரும்."

"யாருக்கு?" என்றேன் நான்.

"ஹெஸ்டர், இது கலை."

"ஸ்டேஷன் பேரெல்லாம் கஞ்சி மாதிரி குழைஞ்சு வரும். அது கலையா? போன வாரம் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமா சொல்லச் சொல்லி உயிரை வாங்கினது யாரு?"

டல்லிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. "என்ன ஆம்ப்ரோஸ், வீட்ல கேட்டுத்தான் சொல்வீங்களா?"

ஆம்ப்ரோஸ் கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிங்க" என்றான். எப்போதும் சொல்கிற அதே சரிங்க. எனக்கு அந்த இரண்டு பேரைவிட அவன் மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் வைத்தார்கள். அவன் எழுந்து, முதுகைத் திருப்பாமல், ஜனங்களைப் பார்த்தபடி பல் செட்டைக் கழற்றி அதில் போட வேண்டும். 'டணக்' என்று சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக டம்ளரை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான் பெரிக்ரின். சத்தியம் தேடுகிற லட்சணம் அது.

வெள்ளிக்கிழமை செய்தான். அவன் கை வாய்க்குப் போனதுமே கொட்டகை ஊளையிட்டது. டம்ளரில் பல் விழுந்தபோது கைத்தட்டல். "காஷில்டன்... ஷ்லைட்ஷ்..." என்று அவன் குழறக் குழற, அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன், அவன் எச்சில் என் கன்னத்தில் சொட்டுகிறது. துடைக்க முடியாது, நான் சாகிறவள். மூடின கண்ணுக்குள்ளும் டம்ளரிலிருந்து அந்தப் பல் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கிறது. 'கடல் வாசம் வருது' என்று நான் சொன்னதற்கு ஒருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்ட குரலில் 'ஆமாமா' என்றான். சனிக்கிழமை நிற்கக்கூட இடமில்லை. லண்டன் பேப்பர்களிலேயே வந்துவிட்டது, பார்க்க வேண்டிய வாய் என்று.

லண்டன் முதல் காட்சி. ஒப்பனை மேஜைக் கண்ணாடியைச் சுற்றி வாழ்த்துத் தந்திகள் செருகியிருந்தன. அதில் பாதி பல்லைப் பற்றிய கிண்டல். ஆம்ப்ரோஸ் ஒவ்வொன்றாகப் படித்து, படித்ததைத் திரும்ப ஒழுங்காகச் செருகினான்.

"உனக்கு என்மேல கோபம்" என்றான்.

"கோபம் இல்ல. அருவருப்பு."

"அது நியாயம்" என்றான்.

முதல் இரண்டு அங்கம் லண்டன்காரர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கை கட்டி உட்கார்கிற மரியாதை. மூன்றாம் அங்கம் திரை ஏறியதும் எல்லார் கண்ணும் டம்ளர் மேல் இருந்தது, எனக்குக் கட்டிலிலிருந்தே தெரிந்தது. நான், "ஒரு தடவை கடலைப் பாக்கணும்" என்றேன். ஆம்ப்ரோஸ் எழுந்தான். மேஜைக்குப் போனான். மேல் மாடியில் அதற்குள்ளேயே கிளுகிளுப்பு தொடங்கிவிட்டது.

அவன் டம்ளரை எடுத்தான். சிரிப்பு வலுத்தது. அதை உதட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைக் குடித்தான்.

மெதுவாக, தாகத்துக்குக் குடிக்கிறவன் போல, கடைசிச் சொட்டுவரை குடித்தான். முதலில் அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைத்தட்டினார்கள். அவன் காலி டம்ளரை மேஜையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சிரிப்பு உடனே நிற்கவில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அறுந்து அறுந்து, கடைசியில் யாரோ ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு வெட்கப்பட்டு நிறுத்தினார். அவன் அதுவரை காத்திருந்தான்.

"காஸில்டன்" என்றான். "டான்பி. லீலம். க்ளெய்ஸ்டேல்."

சீவிய பென்சில் மாதிரி ஒவ்வோர் எழுத்தும் கூராக விழுந்தது. எக்டனில் குரலைத் தாழ்த்தினான். க்ரோமாண்டில் ரயில் மாறவேண்டும் என்று என் தலையணையைச் சரிசெய்தான், அது ஒத்திகையில் இல்லாதது. ஸ்லைட்ஸ், ரஸ்ஸப் என்று வரும்போது அவ்வளவு பெரிய கொட்டகையில் ஓர் இருமல் இல்லை. "விட்பி" என்றான். "எல்லாரும் இறங்குங்க. இதுக்கு மேல ரயில் போகாது."

என் வசனம் எனக்கு வரவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு எப்படியோ, "கடல் வாசம் வருது" என்றேன். நிஜமாகவே வந்தது. செத்துப்போனேன். செத்தவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறதைக் கீழே இருந்தவர்கள் பார்த்திருந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கைத்தட்டினார்கள். பிரமாதமாக ஒன்றும் இல்லை, ஏதோ மரியாதைக்கு. வெளியே போகும்போது பாதிப் பேர் ஏமாந்த முகத்தோடு போனார்கள் என்று வாசல்காரர் சொன்னார். ஒரு பத்திரிகை, 'கெட்டில்வெல் ஏனோ தன் முக்கியமான சரக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்' என்று எழுதியது.

டல்லிஸ் அன்றே, நாங்கள் முகச்சாயம் துடைப்பதற்குள் வந்துவிட்டார்.

"என்னய்யா பண்ணீங்க?"

"தண்ணி குடிச்சேங்க."

"விளையாடாதீங்க. நாளைக்குக் கழட்டணும்."

"மாட்டேங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத வார்த்தை. டல்லிஸும் எதிர்பார்க்கவில்லை.

"கழட்டலேன்னா வேற ஆள் போடுவேன்."

"போட்டுக்கோங்க சார். அதுவரைக்கும் பல்லோடதான் வருவேன்."

போட்டார். அடுத்த வாரமே வேறொருத்தன் வந்துவிட்டான். அவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் கெட்டி. ஆகவே கறுப்பு மை பூசி, அதன்மேல் ஒரு போலி செட்டை மாட்டி, அதைக் கழற்ற வைத்தார்கள். சத்தியமாம். நானும் விலகிவிட்டேன், என் இடத்தில் ஒருத்தி படுத்துக்கொண்டாள். நாடகம் ஈஸ்டரைத் தாண்டி ஓடியது. பெரிக்ரினுக்கு ஏதோ விருதுகூட வந்தது. ஜனங்களின் ரசனையைப் பற்றி யாராவது என்னிடம் உயர்வாகப் பேசினால் நான் இன்றும் எழுந்து போய்விடுவேன்.

கடைசி நாள் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "சரின்னு சொல்லிட்டு எதுக்குத் தண்ணியைக் குடிச்ச?"

"நாக்கு வறண்டு போச்சு" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "நீ சாகும்போது அவங்க சிரிச்சாங்க. அது எனக்குப் பொறுக்கல" என்றான்.

அடுத்த மாதமே ஸ்டூடியோவுக்குத் திரும்பினான். 'பல்லை எடுங்க ஆம்ப்ரோஸ்', எடுத்தான். எலி தின்றான், சாக்கடையில் புரண்டான், செத்த குதிரையின் லாடத்தைத் திருடினான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்ததெல்லாம் நான்தான். ஆனால் வீட்டில், இரவு குளியலறையிலிருந்து வரும்போது, விளக்கை அணைக்கச் சொல்வதை அவன் விட்டுவிட்டான். என் பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த வாய் அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. நானும் திரும்பிக்கொள்ளவில்லை.

போன பிப்ரவரிக் குளிரில், தூக்கத்திலேயே போய்விட்டான். விடிந்ததிலிருந்து டெலிபோன். பேப்பர்காரர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் கேட்டார்கள், அந்த விலாங்கு மீன் படத்தை. நான் கொடுக்கவில்லை. அவர்களிடமே இருந்தது, போட்டுக்கொண்டார்கள்.

மதியம், சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற கடையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனுஷர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அவனைக் குளிப்பாட்டி, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டைப் போட்டு, முன்னறையில் பெட்டியில் கிடத்தியிருந்தார். அந்தக் கோட்டை, நாடகத்தை விட்டு விலகின அன்று, நான்தான் டல்லிஸ் கொட்டகையிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தேன். எல்லாம் முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படுக்கையறை மேஜையிலிருந்த டம்ளர் அவர் கையில் இருந்தது, பல் செட்டோடு.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நானும் சாரோட ரசிகன்தான். வாசல்ல நிறையப் பேர் நிக்கிறாங்க, பாக்கணும்னு. எல்லாருக்கும் அவரைத் தெரிஞ்சது... அப்படித்தானே. அவங்களுக்கு அடையாளம் தெரியணும்ல? இதை வாயில வைக்கட்டுமா, வேண்டாமா?"

நான் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினேன். குழாயடியில் பல் செட்டை நன்றாகக் கழுவி, என் ஏப்ரன் துணியில் துடைத்தேன்.

"நான் ஒரு தடவை செத்தப்போ இவர் பல்லோடதான் என் பக்கத்துல உக்காந்திருந்தார்" என்றேன். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. நானே மாட்டி விடுறேன்."